கடைசி அடியில் ஜமீன்தார் பேர்

பிள்ளைகளுக்கு ஸரிகம சொல்லிக்கொடுத்தே தொண்டை தேய்ந்துபோன அரண்மனைப் பாட்டு வாத்தியார் சேஷய்யாவை ஜமீன்தார் மார்த்தாண்ட பூபதி கூப்பிட்டனுப்பினார்.

"ஓய், நீர் கட்டின பாட்டிலெல்லாம் கடைசி அடியில் உம்ம பேர் வருதே, அங்கே என் பேரைப் போடும். மற்றபடி ஓரெழுத்து மாறக்கூடாது. முடியாதென்றால் மூட்டையைக் கட்டும்."

வாதாட வாத்தியாருக்குத் தெம்பில்லை. "உத்தரவு" என்றார்.

நவராத்திரிக் கச்சேரிக்கு ஊரே கூடியிருந்தது. சிஷ்யைகள் கடைசி அடியை உருகி உருகிப் பாடினார்கள்: "அற்பன், மூடன் மார்த்தாண்ட பூபதி செய்த பாவம் பொறுப்பாய் அம்மா!"

சபை வாயைப் பொத்திக்கொண்டது. ஜமீன்தார் சீறினார்: "என்னய்யா இது?"

"பாட்டுக் கட்டினவன் அந்த இடத்தில் தன்னைத் தாழ்த்திக்கொள்வது வழக்கம், எஜமான். நான் பேரை மட்டுந்தான் மாற்றினேன்" என்றார் வாத்தியார், அலுப்போடு. "பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவது அடுத்த பாட்டில்தான். தொடங்கச் சொல்லட்டுமா?"

ஜமீன்தார் அவசரமாக மங்களம் பாடச் சொன்னார்.