எச்சில் தட்டைக் கழுவியவள்

இந்தக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு விடை சொல்லுங்கள். பாதியில் விரலை நீட்டினால் தப்பான ஆளைத்தான் காட்டுவீர்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் காட்டினார்கள்.

கோபி டவுனுக்குப் பக்கத்தில் கமலவேணி என்று ஒருத்தி. கணவர் சென்னியப்பனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வேணி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க அவர் சாப்பிடும் மாத்திரைகள் நோயைத் தாங்கும் சக்தியையும் குறைத்துவிடும். “சளிகூடப் பிடிக்கக் கூடாது” என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்போதுதான் மகள் நந்திதாவை, காய்ச்சல் என்று கல்லூரி விடுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலிலேயே நிறுத்தி, மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தாள் வேணி. கிட்டில் பளிச்சென்று இரண்டு கோடு. கொரோனா. மகளைப் பின்கட்டு அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். சென்னியப்பனின் அக்கா தெய்வாத்தாள் ஒத்தாசைக்கு வந்து சேர்ந்தாள். தம்பி என்றால் அவளுக்கு உயிர்.

மகளின் தட்டு, துணி, வாந்தி எல்லாம் வேணியின் கைதான். உள்ளே போகும்போது கெட்டியான மாஸ்க் போட்டிருப்பாள், ஜன்னல்களைத் திறந்து வைப்பாள், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். கணவர் பக்கமே போகாமல் சமையலறையில் படுத்துக்கொண்டாள். அவருடைய மாத்திரைகளை மட்டும் எடுத்து அவர் அறை வாசலோர முக்காலியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

சென்னியப்பனுக்கு மகளைப் பார்க்காமல் இருப்புக்கொள்ளவில்லை. மாலையில் புழக்கடையில், ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி மாஸ்க்கோடு நின்று, “சாப்பிட்டியா சாமி?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

தெய்வாத்தாள் எதையும் தொடவில்லை. நோய் எச்சிலில் இருக்கிறது என்பது அவள் கட்சி. ஆனால் வேணி மருந்துக்கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து, புள்ள தனியாக் கிடந்து ஏங்கிப்போகுமே என்று அறைக்குள் நாற்காலி போட்டு உட்காருவாள். குளிர்காற்று ஆகாதென்று ஜன்னலைச் சாத்தி, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, ஒரு மணி நேரம் பேசுவாள். பிறகு தலைக்குக் குளித்து, சேலையை அலசிப் போட்டுவிட்டுத் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடுவாள். வேணிக்கு இதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது.

நாலாம் நாள் தெய்வாத்தாளுக்குத் தொண்டை கரகரத்தது. அன்றைக்கே சோதித்தாள், ஒரு கோடுதான். “பாத்தியா, எனக்கு ஒண்ணுமில்ல” என்றாள். ஒரு கோடு வந்தாலும் இரண்டு நாள் கழித்து மறுபடி சோதிக்கச் சொன்ன கிட்டின் தாள் குப்பைக்குப் போயிற்று. அவள் தம்பிக்குப் பரிமாறிக்கொண்டுதான் இருந்தாள்.

ஏழாம் நாள் சென்னியப்பனுக்குக் காய்ச்சல். அவருக்கு இரண்டு கோடு. வேணி புழக்கடைத் துவைகல்லில் வைத்துத் தன்னையும் சோதித்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும்.

“எத்தன கோடும்மா?” என்று இரண்டு தடவையும் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள் மகள்.

“ஒண்ணுதான் சாமி” என்று கிட்டைத் தூக்கிக் காட்டினாள் வேணி.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து சென்னியப்பன் போய்விட்டார். வேணி கொடுத்த சிறுநீரகமும் அவரோடு சேர்ந்து எரிந்தது. அவளுக்கு அழக்கூட வரவில்லை.

“எச்சத் தட்டக் கழுவுன கையில மாத்திர எடுத்து வெச்சயே வேணி, என்ற தம்பியக் கொன்னுபோட்டயே!” என்று தெய்வாத்தாள் கூடத்தில் மாரடித்துக்கொண்டாள். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

“அம்மா இல்லீங்க அத்தை, நாந்தான். நான் வந்திருக்கவே கூடாது” என்றாள் நந்திதா. அவள் ஒழுங்காகச் சாப்பிட்டு எட்டு நாள் ஆகியிருந்தது.

வேணி மகளைப் பார்த்தாள். பிறகு நாத்தனாரிடம் நிதானமாகச் சொன்னாள்: “ஆமாங்க நங்கையா, நாந்தான். மருந்துக்கடை வரிசையில எவங்கிட்டயோ எனக்கு ஒட்டியிருக்கு. புள்ளகிட்ட இருந்து வரல.”

இப்போது சொல்லுங்கள்: சென்னியப்பனிடம் நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? அது தெரிந்தும் வேணி ஏன் பழியைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள்?

விடை: தெய்வாத்தாள்தான். இந்த நோய் பெரும்பாலும் மூச்சில் பரவுகிறது. அடைத்த அறையில் மாஸ்க் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசிய பிறகு தலைக்குக் குளித்து என்ன பயன்? தொண்டை கரகரத்த அன்றே பார்த்த ஒற்றைக் கோட்டை நம்பியது அடுத்த தப்பு. வேணிக்கு நோயே வரவில்லை. திறந்த வெளியில் தள்ளி நின்ற சென்னியப்பனுக்கு அங்கே வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வேணி இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தாள். ஆனால் அத்தை என்று சொன்னால், அத்தைக்கு யார் கொடுத்தது என்ற கேள்வி மகளிடம் போய் நிற்கும். அதனால்தான் அந்தப் பொய். நந்திதா அதை நம்பவில்லை. துவைகல்லில் இரண்டு தடவையும் ஒரே ஒரு கோடு விழுந்ததை அவளும் பார்த்திருந்தாள்.