திறந்தே கிடந்த வால்வு

மௌனசாமி என்று ஒருவர். எப்போதோ ஒரு வருஷம் வாய் பேசாமல் இருந்தாராம், பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் வசவுதான்.

ஊர் ஊராகப் போகிற சாமி. முழங்கால் இரண்டும் போனதும், திருப்பூர் பக்தர் ஒருவர் சினிமாக்காரர்களிடமிருந்து பழைய கேரவன் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, ஓரத்தில் கக்கூஸ். கக்கூஸுக்கு அடியில் கழிவுத் தொட்டி.

ஜீப்பை ஓட்டுவதும் தொட்டியைப் பார்த்துக்கொள்வதும் சீடர் நாச்சிமுத்து. சாமி வயதுதான் அவருக்கும். திருப்பூரில் நூல் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர். ஒரே ஆசை, காவி வாங்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருந்தார். சாமி கொடுத்தபாடில்லை.

மழைக்காலம் வந்தது. சாமிகள் ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் தங்குகிற மாதங்கள். ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கேரவனை நிறுத்தினார்கள். தொட்டியின் வால்விலிருந்து தோப்புக்காரரின் செப்டிக் டேங்குக்கு நாச்சிமுத்தே குழாய் மாட்டினார்.

தினம் சாயங்காலம் சாமி காலடியில் வந்து உட்காருவார்.

"இன்னிக்கும் தம்பி நெனப்பு வந்துதுங்க சாமி."

"ம்."

"கெணத்துல என் முறைத் தண்ணிய அவன் பாய்ச்சிக்கிட்டது, மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போட்டது, எல்லாம் வந்துதுங்க. உடனே விட்டுட்டேன். உள்ள எதையும் தங்க விடறதில்லீங்க."

"நேத்தும் விட்டே."

"ஆமாங்க."

"முந்தாநாளு?"

"அன்னிக்கும் விட்டேனுங்க. காவி எப்பன்னு சாமி சொன்னீங்கன்னா..."

"போய்ச் சோத்தைப் பாருய்யா."

இப்படியே ஆடி போய் ஆவணியும் பாதி போனது.

ஒரு நாள் பக்தர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். கேரவன் வாசலில் காலை வைத்தவர்கள் வைத்த காலை எடுத்தார்கள். ஓர் அம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டே கும்பிட்டார். நாச்சிமுத்து ஓடிப்போய்ப் பினாயில் ஊற்றினார். அது போதாதென்று ஊதுவத்தி. கட்டுக் கட்டாய் ஊதுவத்தி. நாற்றம் மூன்றாய்ப் பெருகியதுதான் மிச்சம். கூட்டம் தென்னை மரங்களுக்கு நடுவே கலைந்து காணாமல் போனது.

சாமி கைத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கினார். தொட்டியின் கடைசியில், குழாய்ப் பக்கம் தட்டினார். டங்கென்றது. கக்கூஸுக்கு நேர் கீழே தட்டினார். சத்தமே இல்லை. சுவரில் தட்டின மாதிரி இருந்தது.

"வால்வு திறந்திருக்கா, மூடியிருக்கா?"

"திறந்துதானுங்க இருக்குது."

"எப்பலேர்ந்து?"

"வந்த அன்னியிலேர்ந்து." நாச்சிமுத்துக்குப் பெருமை வேறு. "சேர்த்து வெச்சாத்தானுங்க நாறும்? வர வரப் போயிடட்டும்னு திறந்தே வெச்சிருக்கேன்."

சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"போனது தண்ணிய்யா! வெறும் தண்ணி! மத்ததெல்லாம் உள்ள குந்திக்கிட்டுக் கெட்டியாக் கெடக்கு. மலை மாதிரி!"

"தினம் போயிட்டுத்தானுங்களே இருந்துது..."

"மூடு வால்வை. தண்ணி ஊத்து. தளும்பத் தளும்ப ஊத்து. ஊறட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் கக்கூஸ் தோப்புக்காரன் வீட்டுல. போய்க் கேட்டு வா. வெக்கப்பட்டுக்கிட்டே கேளு."

நாச்சிமுத்து குடம் குடமாய்ச் சுமந்து ஊற்றினார். இடுப்பு விட்டுப்போனது. சாயங்காலம் வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கும் தம்பி..."

"இன்னொரு தடவை தம்பின்னு சொன்னே, திருப்பூர் பஸ்ஸுல ஏத்தி விட்டுடுவேன்."

நாச்சிமுத்துக்கு எரிச்சல் வந்தது. சீடன் சொல்வதைக் கேட்கக்கூட முடியாதென்றால் என்ன குரு? அன்று இரவு தூக்கமில்லை. மறுநாளும் சாமி பேச விடவில்லை. அதற்கு மறுநாளும். உள்ளே ஏதோ ஊறிப் பெருத்துக்கொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை. மோட்டாரும் பூட்டும் எங்கோ போய், அம்மாவின் முகம் வர ஆரம்பித்தது.

அப்புறம் ஒரு காலையில் சாமி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"கேரவனை மாட்டு. ஊறினது போதாது. குலுங்கணும். இந்தப் பக்கத்துலயே படுமோசமான ரோடு எது?"

நாச்சிமுத்து குனிந்து கேரவன் கொக்கியை மாட்டினார்.

"எதுய்யா?"

"வெள்ளியம்பாறை ரோடுங்க. எங்கூரு."

"ஓட்டு."

"சாமி, விரதத்துல இடம் பெயரக் கூடாதுன்னு..."

"அந்தப் பாவம் என் கணக்கு. ஓட்டு!"

பள்ளத்துக்குப் பள்ளம் கேரவன் ஆடியது. பின்னால் தொட்டி களக் களக்கென்றது. நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ஊரைத் தாண்டி, தம்பி செங்காளியப்பன் பெயர் எழுதிய தோட்டத்துக் கேட் முன்னால் வந்ததும் சாமி தடியால் ஜீப்பைத் தட்டினார்.

"நிறுத்து."

"இங்கயாங்க?"

"முட்டி வலிக்குது. நிறுத்துன்னா நிறுத்து."

சத்தம் கேட்டுச் செங்காளியப்பன் வெளியே வந்தார். மண்வெட்டி கையில் இருந்தது. அண்ணனைப் பார்த்ததும் கீழே வைத்தார்.

"வாங்கண்ணா."

நாச்சிமுத்து ஜீப்பிலிருந்து இறங்கினார். கிணறு, மோட்டார் என்று ஆரம்பிப்பார் என்றுதான் அவரே நினைத்தார். வாயில் வந்தது வேறு.

"அம்மா இழுத்துக்கிட்டுக் கெடந்தப்ப எனக்கு ஏண்டா சொல்லல? பொணத்தைத்தானேடா பாத்தேன்! பெத்தவடா! மூஞ்சியக் கடைசியா ஒருக்காப் பாக்க விடலியேடா பாவி!"

தோட்டமே அதிர்ந்தது. மாடுகள் தலை தூக்கின. இத்தனை மாதத்தில் ஒரு சாயங்காலம்கூட அவர் சொல்லாத பேச்சு. மூச்சு வாங்கும் வரை கத்தினார். அதற்குப் பிறகும் கத்தினார்.

செங்காளியப்பன் அண்ணனைக் கத்த விட்டார். ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"தோட்டத்தாளு மாரப்பனை அனுப்பினேனுங்கண்ணா. கெணத்து வழக்குப் பேச வந்திருக்கான்னு நெனச்சு நீங்க கேட்டைக்கூடத் திறக்கல. அங்கயே நின்னு பாத்துட்டு வந்துட்டான்."

நாச்சிமுத்து நின்றார். அது அவருக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே மாரப்பன் நின்றதும் தெரியும், தான் ஜன்னலைச் சாத்தியதும் தெரியும். அப்படியே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அழுகை எங்கிருந்து வந்ததோ, வந்தது. தம்பி பக்கத்தில் குந்திக்கொண்டார்.

ஜீப்பிலிருந்து சாமி கத்தினார்.

"அழுதது போதும்! தொட்டி வழியப் போகுது. செங்காளி, உன் வீட்டு செப்டிக் டேங்க் எங்கேய்யா?"

"மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலீங்க சாமி."

"மூடியைத் தூக்கு."

தம்பி மூடிக்கல்லை நகர்த்தினார். அண்ணன் குழாயை மாட்டினார். குழாயின் அந்த முனையைத் தம்பி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாச்சிமுத்து வால்வை இழுத்தார்.

ஒரே பாய்ச்சல். குழாய் பாம்பு மாதிரி எகிறியது. மழைக்காலம் முழுக்கக் குந்திக் கிடந்ததெல்லாம் மடமடவென்று இறங்கியது. செங்காளியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையை மட்டும் விடவில்லை.

"என்னத்தைங்கண்ணா தின்னீங்க ரெண்டு பேரும்?"

நாச்சிமுத்துக்குச் சிரிப்பு வந்தது. அழுத முகத்தோடு சிரித்தார்.

மேலே போய் இரண்டு குடம் தண்ணீர் விட்டார்கள். தெளிவாய் வந்தது. சாமி தடியால் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தட்டிப் பார்த்தார். டங், டங், டங்.

நாச்சிமுத்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சாமி முன்னால் நெடுஞ்சாண்கிடையாய் விழுந்து எழுந்தார்.

"சாமி, எல்லாம் போயிடுச்சுங்க. உள்ள சொட்டு இல்லை. இனியாச்சும் காவி..."

சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளைக்குச் சாப்பிடுவேல்ல? வால்வை மூடு."