தானாக வந்த பழக்கம்

ஆற்றங்கரையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரத்தையும் யானையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, ஒரு கிணறு, அவ்வளவுதான். சீடர்கள் ஏழு பேர். குருவை எல்லோரும் அடிகள் என்று கூப்பிட்டார்கள்.

மாசிலாமணி அங்கே போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு முப்பத்தாறு வயது. அடிகளுக்கு முப்பத்து நான்கு. நரைத்த தாடியை எதிர்பார்த்து வந்தவனுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தாலும் காலில் விழுந்தான்.

"சாமி, எனக்குச் சந்நியாசம் வேணும்."

"வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல சாமி. எனக்கு மூணு வயசா இருக்கும்போதே அம்மா போயிட்டா. அப்பா போயும் பத்து வருசம் ஆச்சு."

"வேற யாரும்?"

மாசிலாமணி தரையைப் பார்த்தான். "இல்ல சாமி."

அடிகள் துருவிக் கேட்கவில்லை. "மாசிப் பௌர்ணமிக்கு நாப்பது நாள் கிடக்கு. அதுவரைக்கும் இங்க இரும். வீட்டுலேர்ந்து கொண்டாந்ததை எல்லாம் விட்டுட்டீர்னா, அன்னைக்குக் காவி கட்டிக்கிடலாம்."

அவன் கொண்டுவந்தது ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, சவரக்கத்தி. அன்று சாயங்காலமே பையோடு படித்துறையில் இருந்த ஒரு பரதேசிக்குக் கொடுத்துவிட்டான். கைக்கடிகாரத்தைக் கழற்றி மடத்துச் சமையற்காரருக்குக் கொடுத்தான். முக்கால்வாசி வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் அவன் பாயைச் சுருட்டும்போது அடிகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைமாட்டுலேர்ந்து சுருட்டுறீரே, ஏன்?"

"கால் பட்ட இடம் தலை வைக்கிற இடத்துல படக் கூடாதுல்லா சாமி. தலைமாடு உள்ள போயிரணும்."

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல. தானா வந்தது."

"அப்படியா" என்று அடிகள் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இது வழக்கமாகிவிட்டது. தண்ணீர் குடித்த டம்ளரை மாசிலாமணி கழுவிக் கவிழ்த்து வைப்பான். வாசலில் தாறுமாறாகக் கிடக்கும் எல்லோருடைய செருப்பையும் ஜோடி சேர்த்து, வெளியே பார்க்கும்படி திருப்பி வைப்பான். பானையில் கடைசிச் செம்புத் தண்ணீரை மொண்டவன் அவனாக இருந்தால், பானையை நிரப்பிவிட்டுத்தான் குடிப்பான். ஒவ்வொரு தடவையும் அடிகள் அதே கேள்வியைக் கேட்பார். அவனும் அதே பதிலைச் சொல்வான்.

பத்தாம் நாள் அடிகள் சொன்னார். "பையை விட்டீர், சரி. ஆனா ஒரு வீட்டையே தூக்கிட்டு வந்திருக்கீரே."

"எந்த வீடு சாமி?"

"பாய், செருப்பு, டம்ளர், பானை."

"அது தானா வந்ததுல்லா சாமி?"

"தானா வந்ததுன்னா தானா போயிரும். விட்டுப் பாரும்."

மாசிலாமணி சொன்ன பேச்சைக் கேட்கிறவன். மறுநாளே விட ஆரம்பித்தான். பாயைச் சுருட்டாமல் எழுந்து போனான். உச்சிவேளை வரைக்கும் அது அங்கேயே கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு உள்ளங்கை அரித்தது. டம்ளரை மிச்சத் தண்ணீரோடு நிமிர்த்தியே வைத்தான். அதில் ஒரு பல்லி விழுந்து நீந்தியது. வந்தபோது எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்த மனுசன், இப்படிச் சோம்பேறியாகிவிட்டாரே என்று மற்ற சீடர்கள் பேசிக்கொண்டார்கள். சந்நியாசத்துக்காக ஒருவன் இவ்வளவு பாடுபட்டுச் சோம்பேறியானதை அந்த மடம் அதற்கு முன் கண்டதில்லை.

வெளியே யாருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. அவன் ஒவ்வொரு பழக்கத்தையும் விடும்போது அது வந்து சேர்ந்த நாள் அவனுக்கு ஞாபகம் வந்தது.

அவனுக்கு ஓர் அக்கா இருந்தாள். பெயர் வடிவு. அம்மா போனபோது அவளுக்குப் பதினொரு வயது. அப்பா செங்கல் சூளைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். அதுவரைக்கும் வீட்டில் அவனும் அவளும்தான்.

அவனுடைய மூன்று வயதில் அவள் செருப்பு ஜோடி சேர்க்கச் சொல்லிக் கொடுத்தாள். "ரெண்டும் அண்ணன் தம்பிலே. பிரிச்சுப் போட்டா ராத்திரி அழும்" என்றாள். அவன் அதை நம்பினான். படுக்கப் போகும் முன்னால் ஒருமுறை வாசலுக்குப் போய்ச் செருப்பு அழுகிறதா என்று பார்த்துவிட்டு வருவான்.

ஐந்து வயதில் பாய். பாய் அவனைவிட உயரம். அவள் ஒரு முனையும் அவன் ஒரு முனையுமாகப் பிடித்துச் சுருட்டினார்கள். ஏழு வயதில் தண்ணீர்ப் பானை. ஒன்பது வயதில் சட்டைப் பொத்தான் தைக்க. ஊசியில் நூல் கோத்துவிட்டதற்காக அன்று தெரு முழுக்க அவனை அழைத்துப் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தாள். அந்தச் சந்தோஷம் அவனுக்கு அப்புறம் எதிலும் கிடைத்ததில்லை. பத்தாம் வகுப்பில் தேறியபோதுகூட இல்லை.

சோறு வடிப்பதை மட்டும் பதினைந்து வயது வரை அவனைத் தொடவிடவில்லை. அவளுடைய வலது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்தது.

"இது என்னதுக்கா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறான்.

"பானை கடிச்சிருச்சு" என்று சிரிப்பாள்.

பதினைந்தாம் வயதில் பிடிதுணியை அவன் கையில் கொடுத்தபோது சிரிக்கவில்லை. "துணி காய்ஞ்சிருக்கான்னு முதல்ல பாரு. ஈரத்துணியால பிடிச்சா சூடு ஒரே நொடியில கைக்கு வந்திரும். பானையை விட்டிருவே. கேட்டியா?"

அப்படிப்பட்டவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் வந்துவிட்டான். அவள் தெருக்குழாய்க்குத் தண்ணீருக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கிளம்பினான். சொன்னால் போகவிடமாட்டாள் என்று ஒரு பயம். உடன்பிறந்தவள் இருக்கிறாள் என்று தெரிந்தால் மடத்தில் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள் என்று இன்னொரு பயம். அதனால் அவளை இல்லை என்று சொல்லிவிட்டான்.

நாட்கள் போயின. பாய் போயிற்று, செருப்பு போயிற்று. பானை காலியாகக் கிடந்தாலும் திரும்பிப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டான். பௌர்ணமிக்கு ஒருநாள் இருக்கும்போது சமையற்காரருக்குக் காய்ச்சல் வந்தது. அன்றைக்குச் சோறு மாசிலாமணி பொறுப்பு.

உலை கொதித்து, அரிசி வெந்து, வடிக்கும் பதம் வந்தது. அடிகள் சமையற்கட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

மாசிலாமணியின் கை தானாகக் கொடியில் காய்ந்த துணியைத் தேடிப் போனது. பாதி வழியில் அவன் அதை இழுத்துக்கொண்டான். கடைசியாக மிச்சமிருப்பது இதுதான், இதையும் விட்டுவிட்டால் நாளைக்குக் காவி என்று நினைத்தான். அடுப்பு மேடையில் கிடந்த துணியை எடுத்தான். அது மேடை துடைத்த ஈரத்துணி.

பானையைச் சாய்த்தான். சூடு ஒரே நொடியில் வந்தது. கை உதறியது. கொதிக்கிற கஞ்சி வலது முன்கையில் கொட்டியது.

"யக்கா!"

கிணற்றடி வரைக்கும் கேட்டது அந்தச் சத்தம்.

அடிகள் கீரையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவனைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய், வாளி வாளியாக இறைத்துக் கையில் ஊற்றினார். வெகுநேரம் ஊற்றினார். அவன் அழுகை அடங்கி, மூச்சு சீரான பிறகுதான் பேசினார்.

"யாரைக் கூப்பிட்டீர்?"

மாசிலாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"யாரும் இல்லன்னீரே."

"இருக்கா சாமி. அக்கா இருக்கா. பொய் சொல்லிட்டேன்." பிறகு எல்லாவற்றையும் சொன்னான். செருப்பிலிருந்து தொடங்கி, வயது வயதாக, ஒன்றையும் விடாமல் சொன்னான். அக்கா கையில் இருந்த தழும்பையும் சொன்னான்.

அடிகள் கேட்டுக்கொண்டே வந்தார். "அப்போ இது எல்லாம் தானா வந்ததில்ல?"

"இல்ல சாமி."

"உமக்கு அவ சொல்லிக் கொடுத்தா. துணி காய்ஞ்சிருக்கான்னு பார்க்க அவளுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

அம்மா இல்லாத சமையற்கட்டில், பதினொரு வயதுப் பிள்ளை, எட்டாத அடுப்பின் முன்னால் கையில் ஈரத்துணியோடு நிற்பதை மாசிலாமணி முதல்முதலாகப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். அதே கை, அதே இடம். இத்தனை வருடத்தில் அவன் அதை ஒருமுறைகூட யோசித்ததில்லை. அவனுக்கு மறுபடியும் அழுகை வந்தது. இந்தத் தடவை எரிச்சலுக்காக அல்ல.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நாளைக்குப் பௌர்ணமி. பொய் சொன்னவனுக்குத் தீட்சை கிடையாதுல்லா சாமி?"

அடிகள் எழுந்து வாசலுக்குப் போனார். எல்லோருடைய செருப்பும் மூலைக்கு ஒன்றாகக் கிடந்தன. அவற்றில் மாசிலாமணியின் செருப்பைத் தேடி எடுத்தார். குனிந்து, இரண்டையும் ஜோடி சேர்த்து, வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

"ஐயோ சாமி, நீங்க போய் என் செருப்பை..." என்று மாசிலாமணி பதறி ஓடிவந்தான்.

அடிகள் நிமிர்ந்தார்.

"உமக்கு மூணு வயசுலயே தீட்சை ஆயிருச்சு. அந்தக் குருகிட்டச் சொல்லிக்கிடாம வந்துட்டீர். போய்ச் சொல்லிட்டு வாரும்."