மண்திட்டின் புல்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றுவான். அதனால் இருட்டும்வரை ஊரில் யாருக்கும் நிம்மதி இல்லை.

அந்த வருஷம் ஏரி வெட்டினார்கள். வெட்டுக்காரர் சங்கத்தின் தலைவன் மாசாணம் சபைக்கு வந்தான். மழையில்லாமல் வடக்கேயிருந்து வந்த ஜனங்கள் மண்வெட்டி பிடித்த நாள்முதல் தன் ஆட்களுக்குக் கூலி நெல் பாதியாகிவிட்டது, வந்தவர்களை அனுப்பிவிட்டுக் கோட்டைக் கதவை மூடவேண்டும் என்றான். ஏரிக் கண்காணி வீரபாகுவும் அதையே சொன்னான். மந்திரி சேந்தன் மட்டும் தலையசைக்கவில்லை.

வீரபாகுவுக்கு மந்திரிமேல் வெகுநாள் பொறாமை. "மந்திரியாருக்கு இரக்கம் அதிகம். கூலியைத் தின்றது யாரென்று அவரே கண்டுபிடிக்கட்டுமே," என்றான்.

"பொழுது சாய்வதற்குள்," என்றான் ராஜா. "இல்லாவிட்டால் அவர்களோடு நீரும் கதவுக்கு வெளியேதான்."

சேந்தன் எல்லோரையும் ஏரிக்குள் அழைத்துப்போனான். வெட்டும்போது நடுவில் ஒரு மண்திட்டை வெட்டாமல் விடுவது வழக்கம். திட்டின் உயரமே வெட்டிய ஆழம். அதை அளந்துதான் கூலி. சங்கத்தார் பக்கம் ஒரு திட்டு, வந்தவர்கள் பக்கம் ஒரு திட்டு.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மந்திரி மாசாணத்தை அவன் பக்கத் திட்டின்மேல் ஏறி ஒரு பிடி புல் பறித்துவரச் சொன்னான். மாசாணம் ஏறினான். வெகுநேரம் குனிந்தே நின்றான். வெட்டாத நிலமென்றால் உச்சியில் பழைய புல் இருக்கவேண்டும். கரையெங்கும் புல் இருந்தது, திட்டின் உச்சியில் இல்லை. யாரோ உச்சியைச் சீவி உயரத்தைக் குறைத்திருந்தார்கள்.

வடக்கத்திக்காரி கெங்கம்மாள் மற்றத் திட்டில் ஏறினாள். அங்கும் வெறும் மண்.

"எங்களுக்கும் பாதிக் கூலிதான். நீங்கதான் தின்னுறீங்கன்னு நினைச்சோம், அண்ணே," என்றாள்.

மாசாணம் கீழே இறங்கினான். அவனும் அவர்களைத்தான் நினைத்திருந்தான்.

"திட்டை அளக்க வருவது யார்?" என்று மந்திரி கேட்டான். எல்லோரும் வீரபாகுவைப் பார்த்தார்கள். அரண்மனையில் முழு ஆழத்துக்கு நெல் வாங்கி, சீவிய திட்டைக் காட்டிப் பாதி கொடுத்தவன் அவன்.

"சீவிய உயரத்துக்கு நீயே வெட்டு," என்று ராஜா மண்வெட்டியை அவன் கையில் கொடுக்கச் சொன்னான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். கதவு திறந்தே இருக்கட்டும் என்றான்.

"வர்ற வருஷம் இன்னும் இத்தனை பேர் வந்தா, சாமி? ஏரி ஒண்ணுதானே இருக்கு?" என்று மாசாணம் கேட்டான்.

மந்திரி மாலையைத் தடவிக்கொண்டு நின்றான்.

அன்றுமுதல் திட்டுக்கு இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் காவல். முதல்நாள் மாசாணமும் கெங்கம்மாளும் ஒரே திட்டின்மேல் முதுகுக்கு முதுகாக உட்கார்ந்தார்கள். அவள் புதுக் கண்காணியின் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கோட்டைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.