பந்தியில் நீண்ட இடக்கை

போர் முடிந்த ஊருக்கு முதலில் திரும்பி வருவது காக்கைகள். அப்புறம்தான் மனிதர்கள். பூவனூர் மக்கள் திரும்பி வந்தபோது கதவுகள் இருந்தன, பூட்டுகள் இல்லை. அரண்மனை அரும்பொருட்சாலையில் ஒரே ஒரு பொருள்தான் காணவில்லை. அது மரக்கட்டையில் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றியெடுத்த ஒரு நிலக்காட்சி. குன்று, ஆறு, நாற்று நடும் வயல், மருத மரத்தடியில் சோறு உண்ணும் உழவர்கள். பார்த்தால் ஈரக்காற்று முகத்தில் படும்.

"காவலன் குழந்தைவேல்தான் விற்றிருப்பான்" என்றார்கள் சிலர். அரசர் தென்னவராயர் அவனைச் சிறையில் வைத்தார். குற்றம் உறுதியானால் நாடு கடத்தல்.

சமாதான விருந்துக்குக் காரைமலை அரசர் மல்லதேவர் அழைத்திருந்தார். தென்னவராயர் தம் அவைப்புலவன் ஆளவந்தானோடு போனார். பந்தி மண்டபத்தில் நுழைந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். எதிர்ச்சுவரில் அதே படம்!

"பார்த்தாயா? குழந்தைவேல் எதிரிக்கே விற்றிருக்கிறான்" என்று அரசர் பல்லைக் கடித்தார்.

"பூட்டை உடைத்தவர்கள் எடுத்து வந்திருக்கலாமே, அரசே!"

"அப்படியானால் அதை மல்லதேவர் வாயாலேயே சொல்ல வை. ஆனால் திருட்டு என்ற சொல் உன் வாயில் வரக்கூடாது. வந்தால் நாளைக்கே மறுபடியும் போர்."

ஆளவந்தான் தலையை ஆட்டிவிட்டுப் படத்தின் அருகே போனான்.

"ஆகா! எந்த ஊர், மகாராஜா?"

"என் நாட்டுக் கீழைக்கரை. என் சித்திரக்காரன் செய்தது" என்றார் மல்லதேவர், கண் இமைக்காமல்.

"இவ்வளவு அழகா? கொஞ்சம் கற்பனையும் கலந்திருப்பாரோ?"

"எள்ளளவும் இல்லை! என் குடிகள் எப்படி வாழ்கிறார்களோ அப்படியே."

"சத்தியமாகவா?"

"என் கிரீடத்தின் மேல் சத்தியம்!"

இலை விழுந்தது. சோறும் நெய்யும் பருப்பும் வந்தன. ஆளவந்தான் வலக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். இடக்கையால் சோற்றைப் பிசைந்தான்.

பரிமாறியவரின் கரண்டி நழுவி விழுந்தது.

"சீச்சீ! என்ன ஐயா இது? உம்மைப் பெற்றவர்கள் சாப்பிடக்கூடக் கற்றுத்தரவில்லையா?" என்று கத்தினார் மல்லதேவர்.

"கோபம் வேண்டாம், மகாராஜா. விருந்துக்கு வந்த இடத்தில் அந்த நாட்டு வழக்கப்படி உண்பதுதானே மரியாதை?"

"எங்கள் வழக்கமா? எவன் சொன்னான்?"

"உங்கள் படம் சொன்னது. மரத்தடியைப் பாருங்கள். ஒருவர் பாக்கியில்லாமல் இடக்கையால் உண்கிறார்கள். உங்கள் குடிகள் அப்படியே வாழ்கிறார்கள் என்று சத்தியம் செய்தீர்களே!"

எல்லாத் தலைகளும் சுவர்ப்பக்கம் திரும்பின. உண்மைதான். மல்லதேவர் முகம் சிவந்தது.

"இது உங்கள் ஊர்ப் படம் என்கிறீரா? உங்கள் ஊரில் மட்டும் இடக்கையால் உண்கிறார்களோ?"

"இல்லை, மகாராஜா. எங்கள் ஊர்ச் செதுக்குநர் அவசரக்காரர். கட்டையில் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். மறந்துவிட்டார். தாளில் ஒற்றினால் ஊரே திரும்பிவிட்டது! வெட்கத்தில் கட்டையை அடுப்பில் வைத்துவிட்டார். அதனால்தான் உலகத்தில் இது ஒன்றே ஒன்று. படத்தின் அழகுக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் உரிமை கொண்டாடலாம். பிழைக்கு நாங்கள் மட்டும்தான் சொந்தக்காரர்கள்."

மல்லதேவரின் மீசை துடித்தது. கோபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தோற்றேன், புலவரே! என் வீரர்கள் பூட்டை உடைத்துக் கொண்டுவந்தார்கள். அழகாக இருந்தது, மனம் விடவில்லை." படத்தைக் கழற்றி நீட்டினார். "இரண்டு கையாலும் தருகிறேன். எந்தக் கை என்ற வழக்கே வேண்டாம்!"

குழந்தைவேலை விடுவிக்கச் சொல்லிக் குதிரைவீரன் ஒருவன் அப்போதே பறந்தான்.

தேரில் ஏறியதும் தென்னவராயர் கேட்டார். "ஆளவந்தா, என்ன பரிசு வேண்டும்? கேள்!"

"முதலில் சோறு, அரசே! அந்தக் கையால் ஒரு பருக்கைகூட வாய்க்குப் போய்ச் சேரவில்லை."