விழுந்தவளின் எடை

"என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், மதர்," என்றாள் பெலிசித்தா.

மதர் அர்சுலா மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்றைக்கா? இன்றைக்கு என்னைக் கீழே இறக்க வேண்டும். கட்டுப் பிரிக்கும் நாள்."

"அதனால்தான் கேட்கிறேன்."

மலை உச்சியில் இருந்தது மடம். எண்ணூறு படிகள். படி இறங்க முடியாதவர்களுக்கு ஒரு மூங்கில் கூடை. பாறை விளிம்பில் கைப்பிடி வைத்த சக்கரம் ஒன்று அதைக் கயிற்றில் இறக்கும், ஏற்றும்.

சக்கரத்தைச் சுற்றுவது பெலிசித்தாவின் வேலை.

நாற்பது நாளுக்கு முன் கைப்பிடி அவள் கையை விட்டுப் போனது. கூடையில் இருந்தவர் மதர். தரைக்கு இன்னும் மூன்று ஆள் உயரம் இருந்தது. கீழே வைக்கோல் குவித்திருந்ததால் காலோடு போயிற்று.

அதற்குப் பிறகு பெலிசித்தா மதரின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சோறு கொண்டுவந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே வைப்பாள்.

"விழும்போது எப்படி இருந்தது என்று நீ கேட்கவே இல்லையே," என்றார் மதர்.

"எந்த முகத்தோடு கேட்பேன்?"

"மடியில் ஒரு கொய்யாப்பழம் வைத்திருந்தேன். அது மடியை விட்டு எழும்பி என் மூக்குக்கு நேரே நின்றது. பழம் விழவில்லை. நானும் விழவில்லை. மலைதான் விறுவிறுவென்று மேலே போனது."

"கால் முறிந்தது மலைக்கா, மதர்?"

மதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது தரை வந்த பிறகு. நான் அதற்கு முன்னால் உள்ளதைச் சொல்கிறேன். ஒரு விநாடி எனக்கு எடையே இல்லை."

"என் மனசு ஆறட்டும் என்று சொல்கிறீர்கள்."

"முப்பது வருஷம் கல்லூரியில் இயற்பியல் எடுத்தவள் நான். உன் மனசுக்காக அதை மாற்றுவேனா? அந்தப் பால்பவுடர் டின்னை எடு. அடியில் ஆணியால் ஓர் ஓட்டை போடு. தண்ணீர் ஊற்று. நாற்காலி மேல் ஏறி நில்."

ஏறி நின்றாள். ஓட்டையிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கியது.

"விடு."

அவள் விடவில்லை.

"டின்தானே, விடு."

"விட வரவில்லை, மதர்."

தண்ணீர் பாதிக்கு வந்தது. கடைசியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு விட்டாள்.

"கண்ணை மூடினால் எப்படி? இன்னொரு தடவை."

மூன்றாவது தடவைதான் பார்த்தாள். கையை விட்ட அந்த நொடியிலேயே நூல் அறுந்தது. ஓட்டை திறந்துதான் இருந்தது. டின் விழுந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை, தரையில் மோதும் வரை.

பாவாடை முழுக்க ஈரம்.

"ஏன் நின்றது?" என்று கேட்டார் மதர்.

"தண்ணீரும் டின்னும் ஒன்றாக விழுகின்றன. ஒன்று மற்றதை அழுத்தவில்லை."

"எப்போது அழுத்தியது?"

"நான் பிடித்திருந்தபோது."

"நீ நாற்காலி மேல் நிற்கிறாய். உன் பாதத்துக்கு என்ன தெரிகிறது?"

அவள் யோசித்தாள். "நாற்காலி என்னை மேலே தள்ளுகிறது."

"அதற்குத்தான் எடை என்று பெயர். விழுகிறவளுக்கு அது கிடையாது. நிற்கிறவளுக்குத்தான் உண்டு. அன்றைக்குக் கூடையில் நான் விழுந்தேன். விளிம்பில் நின்றது யார்?"

பெலிசித்தா நாற்காலியிலிருந்து இறங்கினாள். தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ராயப்பண்ணன் வந்து சுற்றட்டும், மதர்," என்றாள் குனிந்தபடி.

ராயப்பன் அடிவாரத்துத் தச்சர். சக்கரம் செய்தவர்.

"அவர் கீழே ஜீப்போடு நிற்கிறார். சுற்ற மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். தான் அடித்த ஆணி கழன்றுதான் நான் விழுந்தேனாம். அன்றையிலிருந்து உளியைத் தொடவில்லையாம்."

துணி நின்றது.

சக்கரம் சுழன்ற வேகத்தில் ஓர் ஆணி வளைந்திருந்தது. அதைப் பார்த்து அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். மறுநாள் எண்ணூறு படி ஏறிவந்து புது ஆணி அடித்தார். அடித்துவிட்டு பெலிசித்தாவின் முன்னால் கைகூப்பினார். 'மன்னிச்சிரும்மா, ஒன்னயும் பயமுறுத்திட்டேன்' என்றார்.

'பரவாயில்லண்ணே' என்றிருந்தாள் அவள்.

"ஆணி கழலவில்லை, மதர்."

அவள் துணியைப் போட்டுவிட்டு உள்ளங்கையை விரித்தாள்.

"கைப்பிடியில் ஒரு மரச்சிலாம்பு. உள்ளங்கையில் குத்தியது. சுரீரென்றது. கையை எடுத்துவிட்டேன். நீங்கள் கூடையில் இருப்பது தெரியும். தெரிந்தும் எடுத்துவிட்டேன். அந்தப் புண் இரண்டு நாளில் ஆறிப்போனது. எந்த இடம் என்றுகூட இப்போது தெரியாது."

"தெரியும்."

"இல்லை மதர், பாருங்கள், அடையாளமே இல்லை."

"அதைச் சொல்லவில்லை. கூடையில் இறங்குகிறவர்கள் எல்லோரும் மேலேதான் பார்ப்பார்கள்."

அவள் காது வரை சூடேறியது.

"நாற்பது நாளாகவா?"

"ம்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"எனக்குத் தெரிந்ததை எதற்குக் கேட்க? தெரியாதவர் கீழே நிற்கிறார். அந்த ஊன்றுகட்டையை எடு, தோளைக் கொடு."

விளிம்புக்கு வந்தார்கள். மதர் முனகிக்கொண்டே கூடைக்குள் உட்கார்ந்தார். அடிவாரத்தில் ராயப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது.

பெலிசித்தா பாறையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே! ஒங்க ஆணி கழலல! நான்தான் கைய விட்டேன்!"

"கேக்கல! இன்னொரு தடவ சொல்லு!"

கேட்டிருந்தது. துண்டு கையிலிருந்து விழுந்ததை அவள் பார்த்தாள்.

இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை எதிர்ப்பாறையும் சேர்ந்து சொன்னது.

"அப்போ நான் நாப்பது நாளா ஒறங்காம கெடந்தது?"



அவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். எழுந்தார். ஜீப்பைச் சுற்றி நடந்தார். பிறகு துண்டை எடுத்து உதறினார்.

"எறக்கு! பாத்துக்கிட்டேதான் நிப்பேன்!"

மதர் அவளைப் பார்க்கவில்லை. கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "தள்ளு," என்றார்.

பெலிசித்தா இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றினாள். காலால் கூடையைத் தள்ளினாள். கூடை பாறையை விட்டு ஆடி அந்தரத்தில் நின்றது. கயிறு விறைத்தது. அவள் தோள் வரை இழுத்தது.

ஒரு முழம் இறங்கியது. இன்னொரு முழம்.

"கனக்கிறதா?" கூடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கனக்கிறது, மதர்."

"எனக்கும்," என்றார் மதர்.