குளத்தைச் சுற்றிய பொங்கல் ஊர்வலம்

அல்லிக்குளக் காட்டில் பொங்கல் ஊர்வலம் முதலில் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆலமரத்தடியில் கிளம்பும், கொஞ்ச தூரத்தில் கரும்புக் குவியலில் போய் முடியும். எல்லாருக்கும் முன்னால் யானை மத்தகன். எல்லாருக்கும் பின்னால் ஆமை அலமேலு.

"கடைசியா வர்றவங்களுக்குக் கரும்பு கிடையாது!"

இது மத்தகன் போட்ட சட்டம். மூன்று பொங்கலாக அலமேலுவின் நாக்கில் ஒரு துண்டு கரும்பு படவில்லை. மற்றவர்கள் துப்பிய சக்கையை மோந்து பார்த்துவிட்டுப் போவாள். நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது!

நான்காம் வருடம் மத்தகனுக்கு ஆசை முற்றிவிட்டது.

"நாலு எட்டு வச்சா ஊர்வலமே முடிஞ்சுடுது! என் நடையழகை யாரு பார்க்கிறது? இந்தத் தடவை குளத்தைச் சுத்திப் போவோம்!"

குரங்கு தவிலை அடித்தது. டும்! டும்! மத்தகன் வீறுநடை போட்டான். குரங்கு, மயில், நரி, மான், முயல் என்று ஒரு பெரிய கூட்டமே மூச்சிரைக்க அவன் பின்னால் ஓடியது. அலமேலு பத்தடி வைப்பதற்குள் மத்தகன் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அவள் முதுகிலேயே முட்டிக்கொண்டான்!

"ஏய் அலமேலு! நீ கடைசியில இருக்க வேண்டியவளாச்சே!"

"கடைசியிலதான் இருந்தேன் அண்ணே! இப்போ எனக்குப் பின்னால நீங்க இருக்கீங்களே!"

மத்தகனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடைசி ஆளைக் கண்டுபிடிக்க வரிசையை விட்டு வெளியே வந்தான். அவன் இடத்தில் குரங்கு நகர்ந்துகொண்டது; குளத்தைச் சுற்றி வரிசை வளையமாகவே நின்றது.

"எனக்குப் பின்னால மயில்!" என்றது குரங்கு. "எனக்குப் பின்னால நரி!" என்றது மயில். "எனக்குப் பின்னால அலமேலு அக்கா!" என்றது முயல். "எனக்குப் பின்னால குரங்குத் தம்பி!" என்றாள் அலமேலு.

மத்தகன் இரண்டு சுற்று ஓடினான். தலை கிறுகிறுத்தது.

"அப்போ கடைசி ஆள் யாருதான்?"

"பின்னால யாருமே இல்லாத ஆள் நீங்க மட்டும்தான் அண்ணே!" என்றது முயல்.

காடே சிரித்தது. குரங்கு சிரித்த சிரிப்பில் தவிலோடு குளத்தில் விழுந்தது. "சட்டம்னா சட்டம்! அண்ணனுக்குக் கரும்பு இல்லை!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

மத்தகனுக்கு அழுகையே வந்துவிட்டது. கரும்பில்லாமல் ஒரு யானைக்குப் பொங்கலா?

அலமேலுவுக்கு மனசு கேட்கவில்லை. "எனக்குப் பின்னால வந்து நில்லுங்க அண்ணே. ஆனா என் காலை மிதிக்காம, மெதுவா வரணும்!"

மத்தகன் மெதுவாகவே வந்தான். கரும்புக் குவியலை எட்டியதும் முதல் கழியை ஒடித்து, பொடிப்பொடித் துண்டாக்கி அலமேலுவின் முன்னால் வைத்தான். அவள் சாறு வழியச் சாப்பிட்டாள்! அன்று முதல் அல்லிக்குளத்தில் ஊர்வலம் குளத்தைச் சுற்றித்தான், கரும்பு எல்லாருக்கும்தான்.

அடுத்தவரை ஒதுக்கி வைக்கப் போடும் சட்டம், ஒருநாள் போட்டவரையே வெளியே நிறுத்திவிடும்.